பக்கத்து வீட்டோடு கொடுக்கல் வாங்கல்: சென்னை அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கத்து வீட்டாரோடு நன்றாகப் பழக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கொடுப்பதில் ஆரம்பிக்கிறார்கள். குடிவந்த மறுநாள் ஒரு ஸ்வீட் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவார்கள். தப்பில்லை, ஆனால் ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் சார்" என்று கதவைச் சாத்திவிடுவது ரொம்ப சுலபம். "அக்கா, ஒரு கொத்து கறிவேப்பிலை இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உள்ளே போய்த் தேடுவார், அதற்குள் உங்களை உட்காரச் சொல்வார், எந்த ஊர், எங்கே வேலை, குழந்தை எந்த ஸ்கூல் என்று கேட்பார், கறிவேப்பிலையோடு இரண்டு பச்சை மிளகாயும் சேர்த்துக் கொடுப்பார், அடுத்த வாரம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட அவருக்கும் ஒரு உரிமை வந்துவிடும். அக்கம்பக்கம் என்பது கேட்பதில்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன், கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

முதல் படி: சின்னதாக, குறிப்பாக, நேரம் பார்த்துக் கேளுங்கள்

முதல் வாரத்தில் உங்களுக்கு உண்மையாகவே தெரியாத விஷயங்கள் நிறைய இருக்கும். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், குப்பை வண்டி எப்போது வருகிறது, அயர்ன்காரர் எந்த மரத்தடியில் இருக்கிறார், நம்பி உள்ளே விடக்கூடிய பிளம்பர் யார். இதையெல்லாம் இணையத்தில் தேடாதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் கேட்காமல் ஒவ்வொன்றை ஒவ்வொரு வீட்டில் கேட்டால் இன்னும் நல்லது.

நேரம் முக்கியம். விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், ஊசி, பணம் இவற்றை வெளியே கொடுக்காத வீடுகள் நம் ஊரில் இன்னமும் நிறைய உண்டு, சில வீடுகளில் வெள்ளிக்கிழமையும் கொடுக்க மாட்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் உறைக்குத் தயிர் கேட்டால் அவர்கள் மறுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் நெளிவார்கள். ஆறு மணிக்குள் கேட்டுவிடுங்கள். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரை பெரியவர்கள் கண்ணயரும் நேரம், அப்போது பெல் அடிக்காதீர்கள்.

இன்னொன்று, கேட்கும்போது அளவு சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது உதவி வேணும்" என்றால் எதிரே இருப்பவர் என்னமோ ஏதோ என்று பயந்துவிடுவார். "ஒரு மணி நேரத்துக்கு ஏணி" என்றால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் படி: எப்படிக் கூப்பிடுவது

அபார்ட்மென்ட்டில் பாதிப் பேருக்கு வீட்டு எண்தான் பெயர். "த்ரீ பி ஆன்ட்டி", "கிரவுண்ட் ஃப்ளோர் அங்கிள்". இதை மாற்ற ஒரே வழி நேராகக் கேட்டுவிடுவதுதான்: "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" நாமாக முடிவு செய்து மாமி என்றோ பாய் என்றோ கூப்பிட்டால், அதில் ஜாதியையும் மதத்தையும் நாமே ஊகித்து ஒட்டிவிடுகிறோம். சிலருக்கு அது பிரியமான அழைப்பு, சிலருக்கு உறுத்தும். நாற்பது வயதுக்காரரை ஒரு கல்லூரிப் பையன் அங்கிள் என்றால் மனதுக்குள் சுருங்கிப் போவார், அண்ணா என்றால் அடுத்த மழைக்கு உங்கள் வண்டிக்கும் சேர்த்துக் கவர் போட்டுவிடுவார். வயதானவர்களுக்கு "ஐயா", "அம்மா" எந்த ஊரிலும் பொருந்தும்.

மூன்றாம் படி: பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது

நம் ஊரில் அண்டை வீட்டு உறவின் முழு இலக்கணமும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருக்கிறது. பலகாரம் வந்த கிண்ணத்தைக் கழுவி அப்படியே திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ போட்டுக் கொடுப்போம். இது வெறும் மரியாதை மட்டுமில்லை. கிண்ணம் வெறுமையாகப் போனால் கணக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம், ஏதாவது ஒன்று உள்ளே இருந்தால் கணக்கு தொடர்கிறது. அதனால்தான் வாங்கிய அன்றே, அதே அளவில், அதே மதிப்பில் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். அவர்கள் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தால் சாயங்காலமே நீங்கள் ஒரு கிண்ணம் கேசரி கிண்டிக் கொண்டுபோய் நிற்பது கடனை அடைப்பது மாதிரி ஆகிவிடும். நாலு நாள் போகட்டும். அவர்கள் கொடுத்ததைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள், "பாயசத்துல பச்சைக் கற்பூரம் போட்டிருந்தீங்களா?" என்று கேளுங்கள், அதுவே பாதி பதில் மரியாதை.

வருடம் முழுக்க இதற்குச் சாக்கு இருக்கிறது. நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல், ஆயுத பூஜைக்குப் பொரிகடலை, கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, பொங்கலுக்குப் பொங்கல், ரமலானில் நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸுக்குக் கல்கலும் கேக்கும். நோன்புக் கஞ்சியில் சில வீடுகளில் கறி சேர்ப்பார்கள், சில வீடுகளில் சேர்க்க மாட்டார்கள், கொடுக்கும்போதே "இது வெஜ்தான்" என்று சொல்லிக் கொடுக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேக்கில் முட்டை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளி வீட்டுச் சமையல் சாப்பிடாதவர்கள் என்று தெரிந்தால் பழமோ, கடையில் வாங்கிய உலர் திராட்சையோ, ஒரு முழம் பூவோ கொடுங்கள். அவர்கள் ஏன் சாப்பிட மாட்டார்கள் என்ற விசாரணையில் மட்டும் இறங்காதீர்கள், அதைவிட வேகமாக உறவை முறிக்கிற பேச்சு வேறில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர் வீட்டுக்கு இனிப்போடு கொஞ்சம் காரமும் வைத்து அனுப்பினால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்!

பாத்திரத்தின் அடியில் பெயர் வெட்டும் பழக்கம் முன்பு ஏன் இருந்தது என்று பத்து வீட்டுக் கிண்ணங்கள் கலந்தபிறகு புரியும். இப்போது ஒரு மாஸ்கிங் டேப்பில் வீட்டு எண் எழுதி ஒட்டினால் போதும்.

நான்காம் படி: இரவல்

டிரில்லிங் மெஷின், ஏணி, முறுக்கு அச்சு, பெரிய இட்லிப் பானை, ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் விரிக்க நாலு பாய். ஒரு கட்டடத்தில் எல்லாருக்கும் ஒவ்வொன்று தேவையே இல்லை. வாங்கியதை எப்போது தருவீர்கள் என்று வாங்கும்போதே சொல்லுங்கள், சொன்ன நாளுக்கு முந்தின நாள் கொடுங்கள், மெஷினாக இருந்தால் பிட்டைத் துடைத்துக் கொடுங்கள். உடைந்தால் அவர்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லுங்கள், புதிது வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் "விடுங்க, பழசுதானே" என்பார்கள், அப்படிச் சொன்னாலும் வாங்கிக் கொடுங்கள்.

பணம் இந்தக் கணக்கில் சேராது. பக்கத்து வீட்டில் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவென்றால் அது வேறு.

கேஸ் சிலிண்டரை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறீர்கள் என்றால், புக் செய்த ஃபோனுக்கு வரும் டெலிவரி எண்ணையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் சிலிண்டர்காரரும் அவர்களும் வாசலில் நின்று உங்களுக்கு மாறி மாறி ஃபோன் போட்டுக்கொண்டிருப்பார்கள். வங்கி ஓடிபி எல்லாம் யாருக்கும், எவ்வளவு நெருக்கமானாலும், கிடையாது.

ஐந்தாம் படி: குழுவில் எழுதுவது

இன்றைக்கு நம் திண்ணையும் குழாயடியும் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. அங்கே நடக்கிற பேச்சில் சிரிப்பும் அன்பும் வருவதற்கும் சண்டை வருவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான். கொடியிலிருந்து துணி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "யாருடைய துணி இது? அடுத்தவர் பால்கனியில் போடுவது நாகரிகமா?" என்று எழுதலாம். இப்படியும் எழுதலாம்:

"நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று மேலிருந்து பறந்து வந்து எங்கள் துளசிச் செடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. துளசிக்கு வெயில் வேண்டும். சொந்தக்காரர்கள் சீக்கிரம் வந்து அழைத்துப் போகவும்."

இதற்கு மேல்வீட்டிலிருந்து வருகிற பதில் எப்படி இருக்கும்? "அது எங்க வீட்டுக்காரரோடது. அவரையும் அனுப்பட்டுமா, ஒரு வாரம் வெச்சிருக்கீங்களா?" முழுக் கட்டடமும் சிரிக்கும், லுங்கியும் போய்ச் சேரும். கவனியுங்கள், முதல் ஆள் கேலி செய்தது லுங்கியை, ஆளை அல்ல. இரண்டாம் ஆள் கேலி செய்தது தன் வீட்டு மனிதரை. பொருளை, மழையை, காக்காயை, லிஃப்ட்டை, உங்களை வைத்துச் சிரிக்க வையுங்கள். அடுத்தவர் வீட்டுச் சமையல் வாசனை, குழந்தையின் மார்க், யார் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள், எந்தக் கட்சிக்கு ஓட்டு, இவை எதுவும் நகைச்சுவை ஆகாது.

உதவி கேட்பதிலும் இதே வழிதான். எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கிற ஒரு தம்பி ஒருநாள் ராத்திரி, "ரசம் வைத்தேன், கெட்டியாக சாம்பார் மாதிரி நிற்கிறது, காப்பாற்ற வழி உண்டா?" என்று போட்டார். பருப்பைக் குறை, தண்ணீர் ஊற்று, புளி கரை, அதைச் சாம்பாராகவே ஒப்புக்கொண்டு அப்பளம் பொரி என்று வரிசையாகப் பதில்கள். அதற்குள் இரண்டாம் மாடிப் பாட்டி தன் ரசப்பொடி டப்பாவோடு அவர் வாசலில் போய் நின்றுவிட்டார், அவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்வதைவிடப் படி ஏறுவது சுலபம். அந்தத் தம்பிதான் இப்போது பாட்டிக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கி வருகிறார்.

பூனைக் கதையையும் சொல்லியே ஆக வேண்டும். "எங்கள் மீனு காணவில்லை, கறுப்பு, வாலில் வெள்ளை" என்று ஒரு வீட்டிலிருந்து படத்தோடு செய்தி. கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடி: "இது எங்க ராணி ஆச்சே, இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குது." அப்புறம் தரைத்தளம்: "நாங்க கருவாடுன்னு கூப்பிடுவோம், தினமும் காலையில வரும்." மூன்று வீட்டில் மூன்று பெயரில் மூன்று வேளை சாப்பாடு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஆகிற செலவை மூன்று வீடும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதுவரை லிஃப்ட்டில் தலையாட்டுவதோடு நின்ற வீடுகள் அவை.

சில நடைமுறை விஷயங்கள். கோபத்தில் அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த வாட்ஸ்அப்பில் வழி இருக்கிறது, ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு டீ குடித்துவிட்டு வருவது அதைவிட நல்லது. மாறி வந்த கூரியரைப் படம் எடுத்துப் போடும்போது ஃபோன் எண்ணும் முகவரியும் தெரியாமல் மறைத்துவிடுங்கள், உள்ளே என்ன பொருள் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மோட்டார், மின்தடை, பராமரிப்புக் கட்டணம் போன்ற அறிவிப்புகளுக்கு நிர்வாகிகள் மட்டும் எழுதுகிற ஒரு குழுவும், பேச்சுக்கு இன்னொரு குழுவும் வைத்துக்கொண்டால், குட் மார்னிங் பூங்கொத்துக்கு நடுவே தண்ணீர் வராத செய்தி தொலையாது. அட்மினாக இருக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: வேறொருவர் போட்ட தவறான பதிவுக்கு, வெறுமனே அட்மினாக மட்டும் இருந்தவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது.

ஆறாம் படி: மனத்தாங்கல் வந்தால்

வரும். மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து உங்கள் சுவரில் ஓதம் இறங்கும், பார்க்கிங்கில் வண்டி மறித்து நிற்கும். முதல் விதி, ஓதத்தின் படத்தைக் குழுவில் போடாதீர்கள். மேல்வீட்டுக்குப் போய், "ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்" என்று அழைத்து வந்து காட்டுங்கள். தன் கண்ணால் ஈரத்தைப் பார்த்தவர் மறுக்கிறது அபூர்வம், ஊர் முன்னால் படம் போடப்பட்டவர் ஒத்துக்கொள்கிறது அதைவிட அபூர்வம். பிளம்பரை இருவரும் சேர்ந்து நின்று பார்க்க வையுங்கள், செலவைப் பற்றி அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்குச் சட்டம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு, அந்த நேரத்தில் ஒலிபெருக்கியும் கூடாது. ஆனால் சட்டத்தை எடுத்து வீசுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, விசேஷம் வைக்கிறவர் முந்தின நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்குக் குழந்தைக்குப் பிறந்தநாள், ஒன்பதரைக்குள்ள முடிச்சிடுவோம், நீங்களும் கட்டாயம் வரணும்" என்று சொல்வது. கேக் சாப்பிட்டவருக்குப் பாட்டுச் சத்தம் பாதிதான் கேட்கும்.

நாய் வளர்ப்பதை அசோசியேஷன் தடை செய்ய முடியுமா என்று வருடா வருடம் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தை, நாய்க்குப் பயப்படுகிற குழந்தை லிஃப்ட்டில் இருந்தால் அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது, கழிவை எடுக்கப் பை கொண்டுபோவது என்று பேசி முடிவெடுக்கச் செலவழிக்கலாம்.

ஏழாம் படி: தனியாக இருக்கிற பெரியவர்கள்

பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே அம்மா மட்டும் என்கிற வீடு இல்லாத கட்டடமே சென்னையில் குறைவு. அவர்களிடம் "தினமும் வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: எட்டு மணிக்கும் ஆவின் பாக்கெட் வாசலில் தொங்கும் பையிலேயே இருந்தால் எதிர்வீட்டார் பெல் அடிப்பார்கள், திறக்காவிட்டால் அவர்களிடம் இருக்கும் மாற்றுச் சாவியால் திறப்பார்கள். இதை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் சொல்லி அவர் எண்ணையும் வாங்கி வையுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567-ஐ ஃபிரிட்ஜில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அவர்களிடமும் ஏதாவது கேளுங்கள், அது ரொம்ப முக்கியம். மாவடு எப்படிப் போடுவது, குழந்தைக்குக் கஷாயம் என்ன அளவு, பள்ளிப் பையனுக்கு அரை மணி நேரம் கணக்கு. எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிறவராக யாருக்கும் இருக்கப் பிடிக்காது.

எட்டாம் படி: மழைக்கு முன்னால்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது, செப்டம்பரிலேயே கட்டடத்தில் ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். யார் வீட்டில் இன்வெர்ட்டர், யார் நர்ஸ் அல்லது டாக்டர், இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியவர் யார், படி இறங்க முடியாதவர் யார், கைக்குழந்தை எங்கே, தரைத்தளக் குடும்பங்கள் எந்த மாடி வீட்டுக்குப் போவார்கள். பட்டியல் காகிதத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பரிலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சரி, பல பகுதிகளில் மின்சாரமும் ஃபோன் சிக்னலும் ஒன்றாகப் போயின, அப்போது குழுவில் எழுதி வைத்த எந்த எண்ணும் கைக்கு வரவில்லை. 2015-இல் முகம் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்ட, கல்யாண மண்டபங்களிலும் பள்ளிவாசல்களிலும் சமைத்துப் பொட்டலம் கட்டிய ஊர் இது. மனது இருக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்கிற தகவல்தான் முதல் நாளில் கிடைக்காமல் போகிறது.

கார் விஷயத்தை வேளச்சேரிக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தவுடன் மேம்பாலத்தின் இரண்டு ஓரமும் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள், படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது, ஆனால் முந்தைய வெள்ளங்களில் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் லட்சக்கணக்கில் செலவழித்தவர்களுக்குத்தான் அதன் நியாயம் தெரியும். உங்கள் பகுதியில் மேடான இடம் எது, அங்கே நிறுத்தப் போலீஸ் அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். நாலு வீட்டார் சேர்ந்து கார்களை விட்டுவிட்டு ஒரே ஆட்டோவில் திரும்பலாம்.

மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112. மழையில் பாம்பு வந்தால் அடிக்க ஓடாதீர்கள், தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.

அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகிற பெயர்கள் வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, அயர்ன்காரர். வாட்ச்மேன் அறை அநேகமாகக் கட்டடத்திலேயே தாழ்வான இடத்தில் இருக்கும். தண்ணீர் ஏறினால் அவர் எந்த வீட்டில் படுப்பார், வேலைக்கு வருகிற அக்காவின் வீடு மூழ்கினால் அவர் குடும்பத்துக்கு மொட்டைமாடி அறையைத் திறந்துவிடலாமா, வேலைக்கு வர முடியாத நாட்களின் சம்பளம் பிடிக்கப்படாது என்று அவரிடம் யார் சொல்வது, இதையும் அதே செப்டம்பர் கூட்டத்தில் பேசி எழுதி வைத்துவிடுங்கள்.